முறுக்கு

எந்த வீட்டுப் பிள்ளை தாமதம் என்று
தெருவே சொல்லிவிடும்.
ரெண்டு நிமிஷ வீட்டுக்கு முன்னால்
கட்டைவிரல் அளவு கறை,
ஏழு நிமிஷ வீட்டுக்கு முன்னால் தோசை அளவு.
வில்லாபுரத்தில் தொடங்கி அவனியாபுரம் வரை
பதினோரு வாசல்,
பதினோரு சிவப்பு வட்டம்.

"வேனுக்கு அடிபட்டுருச்சா ஆன்ட்டி?"
கேட்டவள் யாழிசை, யு.கே.ஜி.
ரத்தமில்லடி, ஸ்டீயரிங் ஆயில்.
அது என்ன செய்யும்?
எனக்குப் பதிலாகக் கொஞ்சம் திருப்பும்.
அது வடிந்துபோன நாளில்
மீனாட்சி நகர் முக்கில் வண்டியைத் திருப்ப
தோள் வேண்டும், இடுப்பு வேண்டும்,
ஒரு கெட்ட வார்த்தையும் வேண்டும்.
பின்னால் பிள்ளைகள் இருந்ததால்
கடைசியை மட்டும் விழுங்கினேன்.

முதல் ஹோஸ் வடக்கு வெளி வீதியில் வாங்கியது,
அறுநூற்றைம்பது ரூபாய், நாற்பது நாள்.
அடுத்தது கப்பலூரில்
ஜேசிபிக்கு ஹோஸ் அடிக்கிறவர் அழுத்தித் தந்தது.
"யானை இழுத்தாலும் வராது" என்றார்.
யானை எதுவும் இழுக்கவில்லை. முப்பத்தாறு நாள்.
மூன்றாவது கம்பெனிப் பெட்டியில், சீலோடு,
தீபாவளிச் சீட்டுப் பணம் மொத்தமும்.
நாற்பத்தொன்று.
அதே இடம்.
பம்புக்கு மேலே நட்டின் கழுத்தில்
ஒரு துளி பழுத்து, யோசித்து, விழும்.

"இப்ப வர்ற சாமான் எதுவுமே சரியில்லக்கா"
என்பார் ஜியாவுதீன்.
நானும் தலையாட்டுவேன்.
சாமானைக் குறை சொல்வதில் ஒரு நிம்மதி:
அது எதிர்த்துப் பேசாது.

நாலாவதை மாட்டிய சனிக்கிழமை
உட்கார ஒரு பழைய டயர்,
கைக்கு வேலையில்லை.
யாழிசை பள்ளியில் திருடி
நான் பிடுங்கி வைத்த சாக்பீஸ்
சீட்டுக்கு அடியில் கிடந்தது.
புது ஹோஸின் முதுகில்
நுனியிலிருந்து நுனிவரை
சும்மா ஒரு கோடு போட்டேன்.
பெத்தணன் சிரித்தான்,
"என்னக்கா, நாமமா?"

ஜியாவுதீன் பத்தொன்பது ஸ்பேனரைப் போட்டு
வழக்கம்போல் மூச்சைப் பிடித்து இறுக்கினார்.
நட்டு சுற்றியது.
நட்டோடு கோடும் சுற்றியது.
சாய்ந்தது, சரிந்தது,
பாதி வழியில் அடிப்பக்கம் போய்
ஒளிந்துகொண்டது.

யாரும் பேசவில்லை.
ரிங் ரோட்டில் ஒரு லாரி
ஹாரன் அடித்து ஓய்ந்தது.

முறுக்கி மாட்டிய ரப்பர்.
ஒவ்வொரு திருப்பத்திலும்
உள்ளே அழுத்தம் ஏற ஏற
தன்னை நேராக்கிக்கொள்ளப் பார்த்திருக்கிறது.
நட்டைத் தளர்த்தாமல் அதற்கு வேறு வழியில்லை.
தினம் ஒரு நூலளவு
அவிழ்ந்துகொண்டே வந்திருக்கிறது.
நாங்கள் அதை ஒழுகல் என்றோம்.

"அவுத்துருடா" என்றார், என்னைப் பார்க்காமல்.
இந்தமுறை ரெண்டு ஸ்பேனர்:
ஒன்று பிடிக்க, ஒன்று திருக.
செப்பு வாஷரும் புதுசு.
முதல் ஹோஸ் மாற்றிய அன்றே
தேவையில்லையென்று டப்பாவில் போட்ட கிளாம்பை
பீடித்துண்டுகளுக்கு நடுவிலிருந்து
பெத்தணன் தேடி எடுத்தான்.
கோடு அசையவில்லை.

ஆயில் ஊற்றியதும் ஏறி உட்கார்ந்து
அங்கிட்டு முட்ட, இங்கிட்டு முட்ட,
இருபது தடவை திருப்பினேன்.
நுரை பொங்கி, குறைந்து, அடங்கியது.

கூலி எவ்வளவென்று கேட்டேன்.
பதிலுக்கு டீ வந்தது, சர்க்கரை தூக்கலாக.
அதை மன்னிப்பென்று எடுத்துக்கொள்ள மனமில்லை,
மூன்று ஹோஸின் காசு அப்படியே நிற்கிறது.
ஆனாலும் குடித்தேன்.

நாற்பத்திரண்டாம் நாள்
ஏழு நிமிஷ வீட்டு வாசலில்
இறங்கிக் குனிந்து பார்த்தேன்.
பழைய கறை மட்டும், பாதி மண் மூடி.
யாழிசையும் பக்கத்தில் வந்து குனிந்தாள்,
ரிப்பன் தரையைத் தொட.
"இன்னைக்கு வரலையா?"
"வரல."
அவளுக்கு என்னவோ ஏமாற்றம்.

உள்ளே அவள் அண்ணன்
இன்னொரு ஷூவைத்
தேடிக்கொண்டிருந்தான்.